காய்ச்சலுக்கு முந்தைய நாட்கள்: நோயை நாள்கணக்கில் படிக்க ஒரு வழிகாட்டி

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடியாடிக்கிட்டுத்தான் சார் இருந்தான்."

மதுரை மாவட்டத்தில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்த வருடங்களில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இது. சோழவந்தான் பக்கத்து வயல்காட்டு ஊர்கள், மேலூரைச் சுற்றிய கிராமங்கள், செல்லூர் சந்துகள் என்று எங்கே போனாலும், காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தாய் சொல்வது இதைத்தான். அவர் சொல்வது உண்மை. ஆனால் அந்தக் காய்ச்சல் நேற்று ராத்திரி பிறந்தது கிடையாது. டெங்குவாக இருந்தால், பையனைக் கொசு கடித்து ஒரு வாரம் ஆகியிருக்கும். அந்தக் கொசுவின் உடம்பில் கிருமி முற்றுவதற்கு அதற்கு முன்பே பத்து நாள் போயிருக்கும். அதே கொசு முட்டையாக ஏதோ ஒரு ட்ரம்மின் உட்சுவரில் ஒட்டிக்கிடந்தது அதற்கும் முன்னால். ஏறக்குறைய ஒரு மாதத்துக் கதையின் கடைசி நாளில்தான் தாயின் கை பிள்ளையின் நெற்றியைத் தொடுகிறது.

எந்த நோய்க்கும் இப்படி ஒரு நாள்கணக்கு உண்டு. சிலவற்றுக்கு மணிக்கணக்கு, சிலவற்றுக்கு வருடக்கணக்கு. நம் கண்ணுக்குத் தெரிவது அதில் கடைசிப் பகுதி மட்டும். முன்னால் கிடக்கும் நாட்களைத் தெரிந்துகொண்டால் எங்கே குறுக்கே நிற்பது என்பதும் தெரிந்துவிடும்.

நம் வீட்டுச் சுவரில் சிவகாசியில் அச்சடித்த மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். பால் வாங்காத நாள், சிலிண்டர் மாற்றிய நாள், சீட்டுப் பணம் கட்டிய நாள் எல்லாவற்றையும் அதில்தான் குறிக்கிறோம். அதே காலண்டரில், அதே பேனாவில், நோயின் கணக்கையும் எழுத முடியும். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: அறிகுறி தெரிந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கிருமி உள்ளே நுழைந்த நாளுக்கும் முதல் அறிகுறி தெரிந்த நாளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்குப் பாடப்புத்தகத்தில் 'நோயரும்பு காலம்' என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விடியலில் அரும்பாகப் பறித்தால்தான் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விலை. மலர்ந்த பூவைக் கொண்டுபோய் யாரிடம் கொடுப்பது? நோயும் அரும்பாக இருக்கும்போது பார்க்க வேண்டிய ஒன்று.

ஒவ்வொரு நோய்க்கும் இந்த அரும்புக் காலம் வேறு. காலராவுக்குச் சில மணி நேரம் முதல் 5 நாள் வரை. டெங்குவுக்கு 4 முதல் 10 நாள். எலிக்காய்ச்சலுக்குப் பெரும்பாலும் 5 முதல் 14 நாள். டைபாய்டுக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம். சின்னம்மைக்கு 10 முதல் 21 நாள். தண்ணீரால் பரவும் 'ஏ' வகை மஞ்சள் காமாலைக்கு 15 முதல் 50 நாள், சராசரியாக நான்கு வாரம். வெறிநாய்க்கடிக்குச் சாதாரணமாக இரண்டு மூன்று மாதம். அபூர்வமாக ஒரு வாரத்திலும் வரலாம், ஒரு வருடம் கழித்தும் வரலாம்.

இந்தக் கணக்கு தெரியாததால் நாம் தப்பான ஆளைக் குற்றவாளியாக்குகிறோம். ஒருமுறை ஒரு தெருவில் வரிசையாக ஏழெட்டுப் பேருக்கு மஞ்சள் காமாலை. தெருவே முந்தின வாரம் திருவிழாவில் கொடுத்த நீர்மோரைத்தான் திட்டிக்கொண்டிருந்தது. மோர் ஊற்றிய பெரியவர் வெளியே தலைகாட்ட முடியாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தார். நான்கு வாரம் பின்னோக்கி எண்ணினோம். அந்த நாட்களில் அந்தத் தெருவில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். குடிநீர்க் குழாயில் விரிசல் விழுந்திருந்தது. குழாயைச் சரி செய்து, வீட்டுக்கு வீடு தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லிவிட்டு, நேராகப் போய் அந்தப் பெரியவரிடம், "ஐயா, உங்க மோர் மேல ஒரு தப்பும் இல்லை" என்று சொன்னேன். அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று எனக்குப் பட்டது. நோய்க்குப் பின்னால் வருகிற வீண்பழியும் ஒரு மனிதரைப் படுக்கையில் தள்ளும்.

இப்படித் தேடுவது புதிதல்ல. 1854-ல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், யார் யார் எந்த வீட்டில் இறந்தார்கள், எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள் என்று விசாரித்து, பிராட் தெருவில் இருந்த ஓர் அடிகுழாயில் வந்து நின்றார். காலராக் கிருமி தண்ணீரில் பரவுவது அன்று பெரும்பாலான மருத்துவர்களே ஒப்புக்கொள்ளாத விஷயம். அவர் நம்பியது வீட்டு விலாசங்களையும் இறந்தவர்களின் எண்ணிக்கையையும்.

ஆகவே வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் 'நேற்று என்ன சாப்பிட்டான்' என்பதோடு நிறுத்தாதீர்கள். போன வாரம் எங்கே போனான், போன மாதம் எந்த ஊர்த் தண்ணீர் குடித்தான், சேற்றில் வெறுங்காலோடு இறங்கினானா என்பதையும் யோசித்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். வயலில் வேலை பார்த்தவர் "பத்து நாளைக்கு முந்தி நாத்து நட்டேன் டாக்டர்" என்று ஒரு வார்த்தை சொன்னால், எலிக்காய்ச்சலையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றும்.

இரண்டாம் படி: விதை, நிலம், பருவம் மூன்றையும் தனித்தனியே பாருங்கள்

ஒரே குடத்துத் தண்ணீரை ஐந்து பேர் குடிக்கிறார்கள், ஒருவருக்கு மட்டும் டைபாய்டு. ஏன் என்று கேட்டால் 'தலையெழுத்து' என்பார்கள். விவசாயியிடம் கேட்டால் இதைவிட நல்ல பதில் கிடைக்கும். விதை மட்டும் இருந்தால் முளைக்காது. நிலம் ஏற்க வேண்டும், பருவமும் கூட வேண்டும்.

விதை என்பது நோயின் காரணி: பாக்டீரியா, வைரஸ், புழு, தூசி, புகை, அளவுக்கு மிஞ்சிய உப்பு, எதுவாகவும் இருக்கலாம். நிலம் என்பது அந்த மனித உடம்பு: வயது, சத்து, ஏற்கெனவே இருக்கும் நோய், போட்டிருக்கும் தடுப்பூசி. பருவம் என்பது சுற்றியிருப்பவை எல்லாம்: மழை, காற்றோட்டமில்லாத அறை, வேலை பார்க்கும் இடம், ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தண்ணீர், கையில் இருக்கும் காசு.

காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கிருமியைக் கண்டுபிடித்ததாக ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று அறிவித்தார். விதை தெரிந்துவிட்டது. ஆனால் அந்தக் கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வாழ்நாள் முழுவதும் கணக்கெடுத்தால் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் அது நோயாக மாறுகிறது. மற்றவர்கள் உடம்பில் அது உறங்கியே கிடக்கும். உறங்குவதை எழுப்புவது பெரும்பாலும் நிலத்தின் குறைதான். சர்க்கரை நோய் இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும். சத்தில்லாத உடம்பில் இன்னும் எளிது. ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதந்தோறும் கூடுதல் உணவுப் பொருளும் சத்து மாத்திரையும் கொடுத்ததில் அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. பெரும்பாலும் அரிசி பருப்பாலேயே இது நடந்தது என்பதை வாசித்த அன்று எனக்கு மனசு நிறைந்துபோனது.

மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகளில் கல் உடைத்தவர்களுக்கு விதை வேறு. கல்லைத் துளைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் போய்ப் படிந்து, பெரும்பாலும் பத்து வருடங்களுக்கு மேல் கழித்துத்தான் மூச்சுத் திணறலாகத் தெரியும். தொற்று நோயே இல்லை. ஆனால் அப்படிச் சிலிக்கா படிந்த நுரையீரல் காசநோய்க்கு நல்ல நிலமாகிவிடுகிறது. ஒரு நோய் இன்னொரு நோய்க்கு உழுது வைப்பது இப்படித்தான்.

மூன்றாம் படி: நோய் வந்த பாதையில் நீங்களே நடந்து பாருங்கள்

எல்லாத் தொற்று நோய்க்கும் ஒரு சங்கிலி இருக்கிறது. கிருமி எங்கோ தங்கியிருக்க வேண்டும். அங்கிருந்து வெளியே வர வழி வேண்டும். சுமந்துவர ஆள், தண்ணீர், காற்று, கொசு என்று ஏதாவது வேண்டும். உள்ளே நுழைய வாசல் வேண்டும். கடைசியில், ஏற்றுக்கொள்ளும் உடம்பு வேண்டும். இதில் ஒரு கண்ணியை அறுத்தால் போதும். எல்லாவற்றையும் அறுக்க வேண்டியதில்லை.

நரம்புச் சிலந்தி நோயை வயதானவர்கள் சிலர் கேள்விப்பட்டிருப்பார்கள். படிக்கட்டுக் கிணறு, ஊருணித் தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிக்குள் புழுவின் குஞ்சு இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, கால் தோலைக் கொப்பளிக்க வைத்துக்கொண்டு நீளமான புழு வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் நனைத்தால் புழு குஞ்சுகளை அங்கேயே விடும். மறுபடி அதே சுற்று. இந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது, குணமாக்கும் மருந்தும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்க வைத்தும், படிக்கட்டுக் கிணறுகளை இறங்க முடியாத கிணறுகளாக மாற்றியும், நோயாளி நீர்நிலையில் கால் வைக்காமல் பார்த்துக்கொண்டும் ஒழித்தார்கள். 2000-ம் ஆண்டில் இந்தியா இந்த நோய் அற்ற நாடு என்று சான்று பெற்றது. சங்கிலியின் ஒரு கண்ணிக்கு இவ்வளவு மதிப்பு.

கொசு விஷயத்தில் நாம் பாதையைச் சரியாகப் பார்ப்பதில்லை. 'கொசு' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, சாயங்காலம் ஆனதும் ஜன்னலைச் சாத்தி, வாசல் சாக்கடையைத் திட்டுகிறோம். சாக்கடையில் பிறந்து ராத்திரி கடிக்கும் கியூலெக்ஸ் கொசு யானைக்கால் நோயைப் பரப்புவது. நெல் வயலில் தேங்கும் தண்ணீரில் வளரும் வேறு கியூலெக்ஸ் இனம் மூளைக்காய்ச்சலைப் பரப்புவது. இதையெல்லாம் ஆராய்வதற்கென்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1985-ல் மதுரையில் ஒரு பூச்சியியல் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ நல்ல தண்ணீரில் பிறக்கும், பகலில் கடிக்கும். அதற்குச் சாக்கடை வேண்டாம். நாம் குடிக்கவும் புழங்கவும் பிடித்து வைத்த ட்ரம்மே போதும்.

ஆகவே வீட்டைச் சுற்றி வாரம் ஒரு நாள் நடங்கள். சிமெண்டுத் தொட்டி, பிளாஸ்டிக் ட்ரம், மாடியில் போட்ட பழைய டயர், புழங்காத ஆட்டுரல் குழி, சிரட்டை, ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தட்டு, மணி பிளான்ட் வைத்த பாட்டில் என்று எல்லாவற்றையும் எட்டிப் பாருங்கள். முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால் வாரத்துக்கு ஒருமுறை கொட்டிக் கவிழ்த்தால் எந்தப் புழுவும் சிறகு முளைக்கும்வரை போகாது. 'வாரம் ஒருமுறை' என்று நாங்கள் வாசலில் நின்று கத்தியதற்குக் காரணம் இந்த நாள்கணக்குதான். கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறி அதைத் தொட்டதும் பொரிந்துவிடும். தேங்காய் நார் வைத்து உட்சுவரை ஒரு சுற்றுத் தேய்த்துவிட்டு, வாயை வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு. காய்ச்சலில் படுத்திருப்பவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடிக்கும் கொசு அடுத்த வீட்டுக்குக் கிருமியைக் கொண்டுபோகும். நோயாளிக்கு வலை கட்டினால் தப்பிப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளை.

நான்காம் படி: சத்தமில்லாத நாட்களைத் தேடிப் போங்கள்

அரும்புக் காலம் முடிந்தால் உடனே படுக்கை என்று நினைக்கக் கூடாது. உடம்புக்குள் மாற்றம் தொடங்கியிருக்கும், ஆனால் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. இந்தக் காலம் சில நோய்களில் ஓரிரு நாள், சிலவற்றில் பத்து வருடம்.

சின்னம்மையில் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே மற்றவருக்குத் தொற்றும். அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டி, வெளியாட்களை உள்ளே விடாமல், நோயாளியைத் தனியே படுக்க வைக்கும் நம் வழக்கத்தில் நல்ல அறிவு இருக்கிறது. அதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் வேப்பிலை கட்டுவதற்கு முந்தின இரண்டு நாளில் பிள்ளை யாரோடு விளையாடினான் என்பதையும் யோசிக்க வேண்டும். அந்த வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் உடனே தகவல் சொல்ல வேண்டும்.

நீண்ட மௌனம் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும்தான். என் அப்பாவுக்குச் சுகர் இருப்பது, கால் பெருவிரலில் செருப்புக் கடித்த புண் இரண்டு மாதமாக ஆறாதபோதுதான் தெரிந்தது. அதற்கு முன் எத்தனை வருடம் அது அவர் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்ததோ. விரல் மரத்துப்போனதால் செருப்புக் கடித்ததே அவருக்குத் தெரியவில்லை. ஊர் ஊராகப் போய் ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவன் நான். என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்த விரலை எடுக்க வேண்டி வந்தது. இதை எழுதும்போதும் எனக்கு வலிக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த மௌனத்துக்கும் எண்ணில் அளவு இருக்கிறது. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தச் சர்க்கரை 100-க்குக் கீழ் என்றால் சரி. 100 முதல் 125 வரை வாசற்படி. 126-ம் அதற்கு மேலும் என்றால், மறுபடி எடுத்து உறுதி செய்துகொண்டு, சர்க்கரை நோய். வாசற்படியில் நிற்பவர் இந்தியாவில் 13 கோடிக்கும் மேல் என்று 2023-ல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. நோய் வந்தவர்கள் சுமார் 10 கோடி. வாசற்படியில் நிற்பவர் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சென்னையில் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த நிலையில் இருந்தவர்கள் தினமும் நடந்து, சாப்பாட்டைத் திருத்திக்கொண்டதில் மூன்று வருடத்தில் நோய் வரும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது. நடைக்குச் செலவு ஒன்றும் இல்லை. தமுக்கம் பக்கமோ வண்டியூர்க் கண்மாய்க் கரையோ, உங்களுக்குத் தோதான இடத்தில் அரை மணி நேரம்.

ரத்தக் கொதிப்பும் இதே ரகம். 'தலை சுத்தலை, அதனால பிரஷர் இல்லை' என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. அளந்து பார்ப்பது ஒன்றே வழி. பல தடவை அளந்தும் 140/90-ஐத் தாண்டியே நின்றால் கொதிப்பு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து அளக்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். சுகர் உள்ளவர்கள் கண் நன்றாகத் தெரிந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும், ஏனென்றால் பார்வை மங்கும்போது உள்ளே சேதம் முற்றியிருக்கும். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊரில் நாம் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஐந்தாம் படி: திரும்பும் நாளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்

நோய் ஒரே வேகத்தில் போவதில்லை. ஒரு நாளில் அது குணத்தின் பக்கமோ ஆபத்தின் பக்கமோ திரும்பும். அந்த நாள் எது என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டெங்குவில் பெரும்பாலும் அது காய்ச்சல் இறங்கும் நாள். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் உடம்பு குளிரும். வீட்டில் எல்லோரும் 'விட்டுருச்சு' என்று நிம்மதியாவார்கள். அந்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான் சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து நாடி தளர்ந்துபோகும். கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கருப்பாக மலம், சோர்ந்து சுருண்டு படுப்பது, கை கால் சில்லிடுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது: இதில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் கிளம்புங்கள். பெரியாஸ்பத்திரியோ பக்கத்து அரசு ஆஸ்பத்திரியோ, எது அருகிலோ அது. ரத்தம் உறைய உதவும் தட்டணுவின் (பிளேட்லெட்) எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அது நன்றாக இருக்கிறது என்று ஆளைக் கவனிக்காமல் விடவும் வேண்டாம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் புரூஃபென், ஆஸ்பிரின், உடனே வலி போக வேண்டும் என்று போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபினாக் ஊசி எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டும். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே இருங்கள். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கட்டும். அதைக் குடித்துவிட்டோம் என்று நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

திரும்பும் நாள் எல்லா நோயிலும் இவ்வளவு பளிச்சென்று இருக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஒரு வகைப் பாக்டீரியாவால் தொண்டை வலி வரும், நான்கைந்து நாளில் போய்விடும். இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு மூட்டாக வீங்கினால், அது இதய வால்வுவரை போகும் முடக்குக் காய்ச்சலாக இருக்கலாம். காய்ச்சலோடு வரும் தொண்டை வலியை டாக்டரிடம் காட்டி, எழுதிக் கொடுத்த மாத்திரையை முழு நாளும் கொடுத்து முடிப்பது இதற்காகத்தான்.

ஆறாம் படி: எந்த நாளில் எதை நிறுத்தலாம் என்று பாருங்கள்

தடுப்பு என்றால் நோய் வருவதற்கு முன் செய்வது என்று மட்டும் நினைக்கிறோம். சங்கிலி தொடங்கும் முன் தடுப்பது ஒன்று, மௌனத்தில் கண்டுபிடிப்பது இன்னொன்று, வந்த பிறகு உறுப்பு போகாமல் காப்பது மூன்றாவது. மூன்றும் தடுப்புதான்.

வெறிநாய்க்கடி இதில் தனி ரகம். அறிகுறி தொடங்கிவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. ஆனால் கடிபட்ட இடத்திலிருந்து கிருமி நரம்பு வழியாக மெல்ல மூளைக்குப் போக வேண்டியிருப்பதால், கடித்த பிறகும் நமக்கு நாள் இருக்கிறது. 1885-ல் லூயி பாஸ்டர் ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனைக் காப்பாற்ற முடிந்தது இந்த இடைவெளியால்தான். அந்த நாட்களை மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித் தூள் என்று பூசி வீணாக்காதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் கழுவுங்கள். அப்புறம் நேராக அரசு ஆஸ்பத்திரி. தோலுக்குள் போடும் ஊசி என்றால் முதல் நாளைப் பூஜ்ஜியமாக வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். தசையில் போடுவதென்றால் இடையில் 14-ம் நாளும் சேரும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் புண்ணைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். முகத்தில் கடிபட்ட குழந்தைக்கு மூளை பக்கம், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். வீட்டு நாய், குட்டி நாய் என்று விட்டுவிடவும் கூடாது.

மௌனத்தில் கண்டுபிடிப்பதற்கு நம் பக்கத்திலேயே உலகம் பார்த்த உதாரணம் இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். அது உள்ளே வந்து புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நீண்ட அரும்புக் காலத்தை வீணாக்கலாமா என்ற கேள்வியோடு திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையை மையமாக வைத்து 2000-ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 30 முதல் 59 வயதுவரை உள்ள கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். மாறத் தொடங்கிய திசு வெள்ளையாகத் தெரியும், தெரிந்தால் சிகிச்சை. ஒரே ஒருமுறை செய்த இந்தச் சோதனையால் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்ததாக 2007-ல் வெளியிட்டார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. அக்கா தங்கைகளே, முப்பது வயது தாண்டியிருந்தால் வெட்கப்பட்டு இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆண்கள் இதை வாசித்தால் வீட்டில் சொல்லுங்கள், கூடப் போய்க் காத்திருங்கள்.

காசநோய்க்கு இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்பதுதான் கோடு. தாண்டினால் சளிப் பரிசோதனை, இலவசம். மருந்து பெரும்பாலும் ஆறு மாதம். இரண்டாவது மாதத்தில் உடம்பு தேறி, பசி வந்து, ஆள் பூரித்துவிடுவார். அப்போதுதான் நிறுத்துவார்கள், கிருமியும் மருந்துக்கு அடங்காததாக மாறும். நோயாளியை வீட்டைவிட்டு விலக்கத் தேவையில்லை என்பதை 1950-களிலேயே சென்னையில் நிரூபித்துவிட்டார்கள்: வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள், வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் அது வெளிவந்த பிறகு உலகமே காசநோயாளியை வீட்டில் வைத்துக் கவனிக்கப் பழகியது. தட்டைத் தனியே வைக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

தடுப்பூசி பற்றி நீட்டிச் சொல்லப் போவதில்லை. பெரியம்மை உலகத்தைவிட்டே போய்விட்டது என்று 1980-ல் அறிவித்தார்கள். இந்தியாவில் இயற்கையான போலியோக் கிருமியால் கடைசியாக நோய் வந்தது 2011 ஜனவரியில். அட்டையில் எழுதியிருக்கும் தேதிக்குப் போய்விடுங்கள், அவ்வளவுதான்.

ஏழாம் படி: உங்கள் வீட்டுக் காலண்டர்

சரி, இப்போது பேனாவை எடுங்கள். வாரத்தில் உங்களுக்குத் தோதான ஒரு கிழமையைத் தேர்ந்து, அந்தக் கட்டங்களில் எல்லாம் 'தொட்டி' என்று எழுதுங்கள். வீட்டில் முப்பது தாண்டிய ஒவ்வொருவருக்கும் சுகர், பிரஷர் பார்க்க வருடத்தில் ஒரு தேதி. மறக்காமல் இருக்கப் பிறந்த நாளையே வைத்துக்கொள்ளலாம். யாருக்காவது காய்ச்சல் வந்தால் அன்றைய கட்டத்தில் பெயரும் 'கா 1' என்றும் குறியுங்கள். மறுநாள் 'கா 2'. எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்கும்போது 'மூணு நாள் இருக்கும், நாலு நாள் இருக்கும்' என்று இழுப்பதைவிட, கட்டத்தைப் பார்த்துச் சொல்வது பிள்ளையின் உயிரைக் காக்கும். இருமல் தொடங்கிய நாளில் 'இ' போட்டு, பதினான்காம் கட்டத்தில் ஒரு வட்டம். நாய் கடித்தால் ஊசி நாட்கள் முழுவதையும் அன்றைக்கே எண்ணி வட்டமிட்டுவிடுங்கள். 28-ம் நாள் அடுத்த தாளுக்குப் போனால் தாளைப் புரட்டி அங்கேயும் போடுங்கள்.

செல்லூரில் ஒரு சந்தில் இதை வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்த வருடம், கார்த்திகை மாதம், ஒரு பெண் என்னைப் போனில் கூப்பிட்டார். "சார், கட்டத்துல இன்னைக்கு அஞ்சு. காலையில காய்ச்சல் விட்டுருச்சு. ஆனா வயித்தைப் புடிச்சுக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்கிறான். பக்கத்து வீட்டுல எல்லாம் சரியாயிருச்சு, தூங்கட்டும்ங்கிறாங்க." நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார்: "ஆட்டோவுல ஏறிட்டோம் சார். பெரியாஸ்பத்திரிக்குப் போயிக்கிட்டிருக்கோம். சொல்லிடலாம்னுதான் கூப்பிட்டேன்." ஆறு நாள் கழித்துப் பையன் வீடு திரும்பினான். அடுத்த முறை நான் அந்தச் சந்துக்குப் போனபோது அவர்கள் வீட்டு ட்ரம்மின் வாயில் வேட்டித் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. காலண்டரில் அந்த வாரத்துக் கட்டத்தில் 'தொட்டி' என்று எழுதியிருந்தது பையனுடைய கையெழுத்து.